தண்ணீரின் வழி கேட்கும் ஒப்பந்ததாரர்

நீலகிரி மாவட்டத்தின் கூடலூர் வட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் மேற்குச் சரிவில், ஆக்டர்லோனி குடும்பத்தார் 1840-களில் காப்பித் தோட்டம் போடத் தொடங்கிய பள்ளத்தாக்கே, பின்னாளில் தேயிலை பரவி, மக்கள் நாவில் பெயர் சுருங்கி, இன்று ஓவேலிப் பேரூராட்சியாக இருக்கிறது. எல்லமலை, பெரியசோலை, ஆரோட்டுப்பாறை, பார்வுட், சீபோர்த் எனச் சிதறிக் கிடக்கும் இதன் குடியிருப்புகளில் சமதளம் என்பது அரிது. பொதுச்சாலை ஒரு மட்டத்திலும் வீடு வேறொரு மட்டத்திலும் இருக்க, இரண்டையும் இணைக்கும் செங்குத்தான சிறு வழியில்தான் நோயாளியை ஜீப்பில் ஏற்றுவதும் சமையல் எரிவாயு உருளையை இறக்குவதும் பறித்த பச்சைத் தேயிலை மூட்டையைத் தூக்கிவருவதும் நடக்கின்றன. அந்த வழியைத் தாரிட்டோ கான்கிரீட் போட்டோ செப்பனிட ஒரு குடும்பம் சேமித்து வைக்கும் தொகை சிறிதன்று. அதைக் கொடுத்துச் செய்யும் வேலை ஒரே மழைக்காலத்தில் பெயர்ந்துபோனால், இழப்பு பணத்தோடு நிற்பதில்லை, அடுத்த கோடைவரை அந்த வீட்டின் போக்குவரத்தே தடைப்படுகிறது. ஆகவே இத்தகைய வேலைக்கு நம்பிக்கையான ஒப்பந்ததாரரை எப்படி அடையாளம் காண்பது என்பது இப்பகுதி மக்களுக்கு மெய்யான கேள்வி.

தார்ப்பரப்பின் மேல் பூசப்படும் மெல்லிய காப்புப் படலத்தைப் பொறியாளர்களும் மேஸ்திரிகளும் ஒருசேர ‘சீல் கோட்’ என்கிறார்கள். சாலையில் ஜல்லிகளைப் பிணைக்கும் கருநிறப் பசையான பிட்டுமென், அதாவது கச்சா எண்ணெயைச் சுத்திகரித்தபின் அடியில் எஞ்சும் கனத்த எச்சம், வெயிலும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் படப்பட நெகிழ்வை இழந்து கெட்டியாகிறது, கெட்டியானது வெடிக்கிறது, வெடித்த கோட்டின் வழியே நீர் இறங்குகிறது. அந்த நுழைவாயிலை அடைப்பதும், மேற்பரப்பிலிருந்து சிறுகற்கள் கழன்றுபோகாமல் பிடித்து வைப்பதுமே சீல் கோட்டின் பணி. அது சாலைக்கு வலுவூட்டுவதில்லை என்பதை முதலிலேயே மனத்தில் இருத்த வேண்டும். முதலையின் தோலைப்போல் கட்டங்கட்டமாக வெடித்திருக்கும் பரப்பு, அடியிலுள்ள ஜல்லிப் படுகை தளர்ந்துவிட்டது என்பதற்கான அடையாளமாதலால், அந்த இடத்தைத் தோண்டிச் சீராக்காமல் மேலே கருமை பூசித் தருகிறேன் என்பவர் நோயை மறைத்துக் கூலி வாங்குகிறார் என்றே கொள்ள வேண்டும்.

தனி வீட்டு வழிக்குத் தார் ஒன்றே தீர்வும் அன்று. சரிவு மிகுந்த இடத்தில் ரோலர் ஏறாது. ரோலர் ஏறாத இடத்தில் தார்க்கலவை இறுகாது. அங்கே கான்கிரீட் போட்டு, ஈரமாக இருக்கும்போதே துடைப்பத்தால் குறுக்காகக் கோடிழுத்து, பாசி படிந்தாலும் வழுக்காதபடி சொரசொரப்பாக்குவதே முறை. இன்டர்லாக் கல் எனப்படும் பேவர் பிளாக், ஓரங்களில் உறுதியான கான்கிரீட் விளிம்பு இல்லாவிட்டால், இடுக்கு மணல் மழையில் கரைந்து சரிவை நோக்கி நகரத் தொடங்கிவிடும். எந்தச் சரிவுக்கு எது பொருந்தும் என்று சொல்லத் தெரிந்தவர், தமக்குத் தெரிந்த ஒரே வேலையை எல்லா இடத்துக்கும் பரிந்துரைப்பவரைவிட நம்பத் தகுந்தவர்.

ஆனால் ஓவேலியைப் பொறுத்தவரை இவை எல்லாவற்றுக்கும் முந்திய சோதனை ஒன்று உண்டு. அது தண்ணீரைப் பற்றியது. தென்மேற்குப் பருவமழை ஜூன் முதல் செப்டம்பர் வரை அரபிக்கடலிலிருந்து நேரே இச்சரிவில் மோதுகிறது. நீலகிரியின் மழை எவ்வளவுக்கு வலுக்கக்கூடும் என்பதற்கு, 2019 ஆகஸ்டு 8 அன்று அவலாஞ்சியில் 24 மணி நேரத்தில் பதிவான 82 சென்டிமீட்டரே போதிய சான்று. அத்தகைய மழையில் ஒரு வீட்டு வழி தாங்குமா தாங்காதா என்பது தாரின் தரத்தால் மட்டும் தீர்வதில்லை. மேலிருக்கும் தேயிலைச் சரிவிலிருந்து இறங்கும் நீர் எந்தப் பக்கம் திருப்பப்படுகிறது என்பதாலேயே பெரிதும் தீர்கிறது.

பெயர்ந்துபோன தார்வழி ஒன்றின் விளிம்பருகே குனிந்து பார்ப்பவருக்கு இது விளங்கும். பள்ளத்தின் ஓரத்திலுள்ள ஒரு ஜல்லியைக் கையால் எடுத்தால், தார் ஒட்டியிருந்த முகம் கழுவி வைத்ததுபோல் வெறும் கல்லாக இருக்கும். கல்லுக்கும் பிட்டுமென் படலத்துக்கும் நடுவே நீர் புகுந்து படலத்தை உரித்தெடுத்துவிட்டது என்பதே அதன் பொருள். அதற்குக் கீழே விரலை நுழைத்தால் செம்மண் சேறாகக் குழைந்து, ஜல்லி அதற்குள் புதைந்திருக்கும். இந்த நீர் மேலிருந்து பெய்து இறங்கியதைவிடப் பக்கவாட்டில், மலைப்பக்க மண்ணிலிருந்து கசிந்து வந்ததாகவே பெரும்பாலும் இருக்கும். மேலே எத்தனை முறை சீல் கோட் பூசினாலும் அடியிலிருந்து வரும் நீரை அது தடுக்காது. சில வேளைகளில் உள்ளே புகுந்த ஈரம் வெளியேற வழியில்லாமல் அடைத்து, நிலைமையை மேலும் கெடுத்துவிடும்.

ஆகவே இடம் பார்க்க வந்தவர் முதலில் எதைப் பார்க்கிறார் என்பதைக் கவனிப்பதே சரியான தொடக்கம். வந்தவுடன் டேப்பை இழுத்துச் சதுர அடி கணக்கிட்டு விலை சொல்பவர் ஒரு வகை. மலைப்பக்கம் ஏறிப்போய், மழை பெய்யும்போது தண்ணீர் எங்கிருந்து வரும், எங்கே தேங்கும், பக்கத்து வீட்டுக்காரரின் வாசலில் போய் விழுமா, தடுப்புச் சுவரில் நீர் கசிந்து வெளியேறத் துளைகள் விடப்பட்டிருக்கின்றனவா என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டறிந்தபின் அளவெடுப்பவர் இன்னொரு வகை. மலைச்சாலையின் குறுக்குச் சரிவு வழக்கமாக உட்புறமாக, அதாவது மலைப்பக்க வடிகாலை நோக்கி அமைக்கப்படுகிறது. வெளிப்புறமாக விட்டால் ஓடும் நீர் பள்ளத்தாக்குப் பக்க விளிம்பை அரித்து, வழியையே கீழே இழுத்துவிடும். தார்ப்பரப்பில் இந்தச் சரிவு 40-க்கு 1 என்ற அளவில் இருந்தால், 3 மீட்டர் அகலமுள்ள வழியின் இரு ஓரங்களுக்கும் இடையே 7.5 சென்டிமீட்டர் உயர வேறுபாடு இருக்கும். வேலை முடிந்தபின் ஒரு நூலும் நீர்மட்டமும் வைத்து வீட்டார் தாமே சரிபார்த்துக்கொள்ளக்கூடிய அளவு இது. இதை முன்கூட்டியே எழுத்தில் தரத் தயங்காத ஒப்பந்ததாரர் தம் வேலையில் நம்பிக்கை உள்ளவர்.

மண்ணை வெட்டுவது இதனினும் கவனம் வேண்டுவது. வழியை அகலப்படுத்த மலைப்பக்கச் சரிவின் அடியைச் செதுக்கினால், அந்தச் சரிவு தன்னைத் தாங்கிக்கொண்டிருந்த காலை இழக்கிறது. நீலகிரியில் 2009 நவம்பரில் நேர்ந்த நிலச்சரிவுகளும், 2024 ஜூலை 30 அன்று அண்டையிலுள்ள வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலைப் பகுதிகளைத் துடைத்தழித்த பெருஞ்சரிவும், இந்த மலைத்தொடரின் மண் கனமழையில் எவ்வளவு தளர்ந்துபோகக்கூடியது என்பதை மறக்கவொண்ணாதபடி காட்டியுள்ளன. பொக்லைன் போன்ற மண்வாரி எந்திரங்களை மாவட்ட நிர்வாகத்தின் அனுமதியின்றி நீலகிரியில் பயன்படுத்தக் கூடாது என்ற கட்டுப்பாடு இருப்பது அதனால்தான். ‘இரவோடு இரவாக ஜேசிபி கொண்டுவந்து முடித்துவிடலாம்’ என்று ஒருவர் முன்வந்தால், அவர் வீட்டாருக்குச் சகாயம் செய்வதாகத் தோன்றினாலும், வழக்கையும் சரிவையும் அந்த வீட்டின் தலையில் வைத்துவிட்டுப் போகிறார்.

ஓவேலிக்கே உரிய இன்னொரு சிக்கல் நிலத்தின் தகுதி. நிலம்பூர் கோவிலகத்தின் ஜன்ம உரிமையில் இருந்த இப்பகுதி நிலங்கள், 1969-ஆம் ஆண்டின் கூடலூர் ஜன்மம் எஸ்டேட்டுகள் ஒழிப்புச் சட்டத்தின் வரம்புக்குள் வந்தன. ஜன்மம் என்பது பரம்பரையாக வந்த முழு நில உரிமை. அதை ஒழித்து நிலங்களை ரயத்துவாரி முறைக்கு, அதாவது அரசிடமிருந்து நேரடியாகப் பட்டா பெறும் முறைக்கு மாற்றுவதே அச்சட்டத்தின் நோக்கம். அது 1974 நவம்பரில் நடைமுறைக்கு வந்தபோதும், தோட்டங்களுக்குக் குத்தகைக்கு விடப்பட்டிருந்த நிலங்களைக் குறிக்கும் அதன் 17-ஆம் பிரிவு பற்றிய வழக்குகள் பல பத்தாண்டுகள் நீண்டன. ‘செக்‌ஷன் 17 நிலம்’ என்பது இவ்வட்டாரத்தில் சிறுவர்களுக்கும் தெரிந்த சொல்லாகிவிட்டது. தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டமும் வனத்துறையின் எல்லைகளும் இதனோடு பின்னிக் கிடப்பதால், தலைமுறைகளாகக் குடியிருக்கும் குடும்பங்களும், இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிக் குடியேறியவர்களும், தம் வாசலுக்கு ஒரு வண்டி ஜல்லி கொண்டுவருவதற்கே அனுமதி பற்றிக் கவலைப்பட வேண்டியிருக்கிறது. இது அம்மக்கள் செய்த குற்றமன்று; தீர்க்கப்படாத நிலக் கேள்வியின் சுமையை அன்றாட வாழ்வில் அவர்கள் தாங்குகிறார்கள்.

அந்த நிலையில் இருப்பவரிடம் ஒப்பந்ததாரர் என்ன சொல்கிறார் என்பது அவருடைய நேர்மையைக் காட்டிவிடும். ‘பெர்மிஷன் எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று சொல்லி அதற்கெனத் தனித்தொகை கேட்பவரிடம் விலகி நிற்பதே நல்லது. அனுமதி தரும் அதிகாரம் பேரூராட்சிக்கும் வருவாய்த் துறைக்கும் வனத்துறைக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் அவரவர் வரம்புக்குள் உண்டே தவிர ஒப்பந்ததாரருக்கு இல்லை. வேலையைத் தொடங்குமுன் நிலத்தின் ஆவணங்களைக் கேட்டு, ‘இதற்கு எழுத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு கூப்பிடுங்கள்’ என்று சொல்லித் தற்போதைக்கு வேலையை மறுப்பவர், அன்றைய கூலியை இழந்தாலும், பொருட்படுத்த வேண்டியவர்.

இனி மதிப்பீட்டை, அதாவது பேச்சுவழக்கில் எஸ்டிமேட்டைப் படிக்கும் முறை. மொத்தத் தொகை மட்டும் எழுதிய துண்டுச்சீட்டு மதிப்பீடு ஆகாது. எந்தப் பொருள், எவ்வளவு, எத்தனை சதுர மீட்டருக்கு என்பது அதில் இருக்க வேண்டும். இந்தியச் சாலைப் பணிகளுக்கு நடுவண் அரசின் சாலைப் போக்குவரத்து அமைச்சகமும் இந்தியச் சாலைக் காங்கிரசும் அளவுகளை வகுத்து வைத்துள்ளன. சீல் கோட்டில் இரண்டு வகை. ‘ஏ’ வகையில் சூடான பிட்டுமெனைத் தெளித்து அதன்மேல் சிறுஜல்லியைப் பரப்பி ரோலர் விடுவார்கள். 10 சதுர மீட்டருக்கு 9.8 கிலோ பிட்டுமெனும் 0.09 கன மீட்டர் சிறுஜல்லியும் அதற்குத் தேவை. ‘பி’ வகையில் மணல் போன்ற நுண்கல்லைப் பிட்டுமெனோடு முன்பே கலந்து மெல்லியதாகப் பரப்புவார்கள். அதற்கு 10 சதுர மீட்டருக்கு 6.8 கிலோ பிட்டுமென் போதும். ஆண்டு மழை 150 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட பகுதிகளுக்கு ‘ஏ’ வகையே பரிந்துரைக்கப்பட்டுள்ளது. ஓவேலியின் மழை அந்த எல்லையை எளிதாகத் தாண்டுவது. ஆகவே ‘எந்த வகை சீல் கோட் போடப்போகிறீர்கள், ஏன்?’ என்ற ஒரு கேள்வியே ஒப்பந்ததாரரின் அறிவை அளந்து காட்டிவிடும்.

கணக்கு எளிது. 30 மீட்டர் நீளமும் 3 மீட்டர் அகலமும் கொண்ட வழியின் பரப்பு 90 சதுர மீட்டர். அதற்கு ‘ஏ’ வகை சீல் கோட் பூச ஏறத்தாழ 88 கிலோ பிட்டுமென் வேண்டும். சீல் கோட்டுக்கு அடியில் 20 மில்லிமீட்டர் தார் ஜல்லிப் படுகையும் போடுவதானால், 10 சதுர மீட்டருக்கு 14.6 கிலோ என்ற கணக்கில் இன்னும் 131 கிலோ பிட்டுமெனும், 0.27 கன மீட்டர் என்ற கணக்கில் சுமார் 86 கன அடி ஜல்லியும் வேண்டும். 100 கன அடியை ஒரு யூனிட் என்று கூறும் வண்டிக்காரர் கணக்கில் இது ஒரு யூனிட்டுக்குச் சற்றே குறைவு. வேலை நாளன்று இறங்கும் பீப்பாய்களையும் ஜல்லியையும் இந்த அளவோடு ஒப்பிட்டுப் பார்க்க வீட்டார் பொறியியல் படித்திருக்க வேண்டியதில்லை. இரண்டே தகர டின்களோடு வந்து இவ்வளவு பரப்பையும் கருப்பாக்கிவிட்டுப் போகிறவர், பிட்டுமெனில் மண்ணெண்ணெயையோ பழைய எஞ்ஜின் ஆயிலையோ கலந்திருக்கிறார் என்று ஐயுறத் தக்க காரணம் உண்டு. அப்படிக் கலந்தது அன்றைக்குப் பளபளவென்று இருக்கும். ஆனால் இறுகாது, செருப்பில் ஒட்டும், முதல் மழையில் எண்ணெய்ப் படலமாக ஓடும்.

சூடாக்காமல் பூசும் பிட்டுமென் எமல்ஷனும் இப்போது பரவலாகிவருகிறது. பிட்டுமெனை நுண்துளிகளாக்கி நீரில் மிதக்கவிட்ட பால்மம் அது. பூசும்போது பழுப்பு நிறத்தில் இருக்கும். நீர் பிரிந்து பிட்டுமென் கல்லில் ஒட்டத் தொடங்கியதும் கருப்பாக மாறும். நிறம் மாறும்வரை அதன்மேல் அடுத்த அடுக்கைப் போடக் கூடாது. பழுப்பாக இருக்கும்போதே அவசரப்பட்டு மேலே கலவையைக் கொட்டும் கூட்டத்தை அங்கேயே நிறுத்தச் சொல்லும் உரிமை வீட்டாருக்கு உண்டு. எமல்ஷனில் கூடுதலாகத் தண்ணீர் சேர்த்து நீட்டுவது எளிதாதலால், முத்திரை உடைக்காத பீப்பாயைத் தம் கண்முன் திறக்கச் சொல்வதும், இந்தியத் தர நிறுவனத்தின் ஐ.எஸ். 8887 என்ற எண் அதில் பொறிக்கப்பட்டுள்ளதா என்று பார்ப்பதும் நன்று.

பருவத்தைப் பற்றிய விதியும் தெளிவானது. மழை பெய்யும்போதோ மழை வரும் அறிகுறி இருக்கும்போதோ, மூடுபனி கவிந்திருக்கும்போதோ, அடித்தளம் ஈரமாக இருக்கும்போதோ, தளத்தின் மேலுள்ள காற்றின் வெப்பம் 10 டிகிரி செல்சியசுக்குக் கீழே இருக்கும்போதோ தார்ப்பணி செய்யக் கூடாது என்பது அமைச்சகத்தின் வரையறை. ஓவேலியில் இந்நிபந்தனைகள் எல்லாம் பொருந்தி வரும் காலம் ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரையில்தான். அதிலும் காலைப் பனி விலகி வெயில் ஏறியபின் மாலைவரையிலான சில மணி நேரமே முழுமையாகப் பயன்படும். சிக்கல் என்னவென்றால், நிதியாண்டு முடியும் மார்ச்சில் உள்ளாட்சிப் பணிகளை முடிக்கும் நெருக்கடியும் அதே காலத்தில் வருகிறது. ஆளும் ரோலரும் அங்கே போய்விட, தனியார் வேலை மே மாதக் கடைசிக்குத் தள்ளப்பட்டு, மேகம் கூடிய வானத்தின் கீழ் அவசரகதியில் முடிக்கப்படுகிறது. டிசம்பரிலேயே பேசி நாள் குறித்துக்கொள்வதும், ஜூன் நெருங்கினால் ‘அடுத்த ஜனவரிக்கு வையுங்கள்’ என்று சொல்லும் துணிவுள்ளவரைத் தேர்ந்தெடுப்பதும் ஆண்டு ஒன்று தாமதமானாலும் செலவை மிச்சப்படுத்தும்.

பாதி விலை ஆசை காட்டும் ஒரு தந்திரம் உலகம் முழுதும் ஒரே வடிவில் நடக்கிறது. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் அயர்லாந்திலும் ஆஸ்திரேலியாவிலும், லாரியோடு ஊர் ஊராகத் திரியும் கூட்டத்தார் வீட்டுக் கதவைத் தட்டி, ‘பக்கத்துத் தெருவில் வேலை முடிந்தது, தார்க்கலவை மீந்துவிட்டது, இன்றைக்கே என்றால் மலிவாகப் போட்டுத் தருகிறோம்’ என்கிறார்கள். பணத்தை வாங்கிக்கொண்டு, மெல்லிய கருப்புச் சாயத்தைத் தெளித்துவிட்டு மறைந்துவிடுகிறார்கள். அந்த நாடுகளின் நுகர்வோர் அமைப்புகள் ஒவ்வொரு கோடையிலும் இதைப் பற்றி எச்சரிக்கின்றன. தமிழர்கள் பெருந்தொகையாக வாழும் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில், வீட்டு வாசலிலேயே கையொப்பமிட்ட 50 டாலருக்கு மேற்பட்ட ஒப்பந்தத்தைக் காரணம் கூறாமலே 10 நாளுக்குள் கைவிடும் உரிமையைச் சட்டம் நுகர்வோருக்குத் தந்திருக்கிறது. எழுதித் தந்த மதிப்பீட்டை 10 விழுக்காட்டுக்கு மேல் மீறி வசூலிக்கவும் கூடாது.

நம் ஊரில் இதே தந்திரம், அரசுச் சாலைக்கு வந்த கலவை மீந்திருக்கிறது என்ற பேச்சாக வரக்கூடும். அதில் இரண்டு கேடுகள் உள்ளன. பொதுப்பணத்தில் வாங்கிய பொருளைத் திசைதிருப்பி விற்பது குற்றம்; அதை வாங்குவோரும் அக்குற்றத்தில் பங்காளிகளாகிறார்கள். மற்றொன்று பொருளின் தன்மை: சூடான தார்க்கலவையைப் பரப்பும்போது குறைந்தது 140 டிகிரியும், ரோலர் விட்டு முடிக்கும்போது குறைந்தது 90 டிகிரியும் வெப்பம் இருக்க வேண்டும். தொலைவிலுள்ள ஆலையிலிருந்து கொண்டைஊசி வளைவுகளில் ஏறி வந்து, பகல் முழுதும் ஓர் இடத்தில் நின்று, மாலையில் மீதமாக வந்துசேரும் கலவையில் அந்த வெப்பம் இருக்காது. அது கல்குவியலாக உதிரும்.

வெளிநாட்டுச் செய்தி ஒன்று நம் ஓடைகளுக்கும் பொருந்தும். நிலக்கரியிலிருந்து எடுக்கும் தாரைச் சேர்த்துச் செய்த சீல் கோட்டில், புற்றுநோய் உண்டாக்கவல்ல வேதிப்பொருள்கள் மிகுதி என்று அமெரிக்க ஆய்வுகள் காட்டியதை அடுத்து, டெக்சஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரம் 2005-இலும் வாஷிங்டன் மாநிலம் 2011-இலும் அதைத் தடைசெய்தன. ஓவேலியின் நீர் பாண்டியாற்றின் வழியாகச் சாலியாற்றில் கலந்து நிலம்பூரைக் கடந்து செல்கிறது. வழியெங்கும் அதைக் குடிப்போர் உள்ளனர். வீட்டு வாசலில் பூசுவது பெட்ரோலிய பிட்டுமென்தானா என்று உறுதிசெய்துகொள்வதும், கழுவிய பீப்பாயின் கசடை ஓடையில் ஊற்றாமல் திருப்பி எடுத்துச் செல்ல வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதுவதும் கீழே வாழ்வோருக்குச் செய்யும் கடமை.

ஒருவரின் பழைய வேலையைப் பார்க்காமல் அவரை நம்புவதற்கு இடமில்லை. நேற்று முடித்த வேலை எல்லாமே அழகாகத்தான் இருக்கும். குறைந்தது இரண்டு மழைக்காலம் கண்ட வழியைக் காட்டச் சொல்ல வேண்டும். அவர் பேரூராட்சிக்கோ நெடுஞ்சாலைத் துறைக்கோ வேலை செய்தவரென்றால் இன்னும் வசதி: 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் ஆவணத்தின் நகலைப் பெறும் உரிமையோடு, பணியை நேரில் பார்வையிடவும் பொருளின் சான்றளித்த மாதிரியைப் பெறவும் உரிமை தந்திருக்கிறது. 10 ரூபாய்க் கட்டணத்தோடு விண்ணப்பித்தால், அந்தச் சாலையின் மதிப்பீட்டையும், செய்த வேலை அளந்து பதியப்படும் ‘எம் புக்’ எனும் அளவுப் புத்தகத்தின் நகலையும் 30 நாளுக்குள் கேட்டுப் பெறலாம். எழுதியிருக்கும் கனமும் கண்ணெதிரே இருக்கும் கனமும் ஒத்துப்போனால் அதைவிடச் சிறந்த நற்சான்று வேறில்லை. ஜி.எஸ்.டி. எண்ணைக் கொண்டு ஆளை எடைபோடுவதில் சற்று நிதானம் வேண்டும். ஆண்டு வரவு 20 லட்சத்துக்குள் இருக்கும் சிறு மேஸ்திரி ஜி.எஸ்.டி.யில் பதிவுசெய்ய வேண்டியதில்லை. எண் இல்லாதது குறையன்று. ஆனால் எண் இருப்பதாகச் சொல்லி வரி வசூலிப்பவரின் பில்லில் 33 என்று தொடங்கும் 15 இலக்க எண் இருக்கிறதா, அரசின் தளத்தில் தேடினால் அவர் பெயர் வருகிறதா என்று பார்க்கத்தான் வேண்டும்.

எல்லோர் கண்ணிலும் படுவதும் யாரும் கணக்கில் சேர்க்காததுமான ஓர் அடையாளம், அவருடைய ஆட்களின் கால்கள். 150 டிகிரிக்கு மேல் கொதிக்கும் பிட்டுமெனை வாளியில் ஏந்திச் செல்லும் தொழிலாளர் பலர், காலில் சாக்கைச் சுற்றிக் கயிற்றால் கட்டிக்கொண்டே இன்றும் அவ்வேலையைச் செய்கிறார்கள்; ஒரு துளி தெறித்தால் தோலோடு ஒட்டிக்கொண்டு சதைவரை வேகும். தம் ஆட்களுக்குப் பூட்சும் கையுறையும் வாங்கித் தராதவர், அவர்களைக் கட்டுமானத் தொழிலாளர் நலவாரியத்தில் பதியச் சொல்லாதவர், யாருக்கும் தெரியாமல் மண்ணுக்கடியில் போகும் ஜல்லியை மட்டும் முழு அளவில் போடுவார் என்று எதிர்பார்க்க முடியாது. இந்த அக்கறையைக் கேட்டு வாங்குவது வேலை தருகிறவரின் பொறுப்பும் ஆகும்; அதற்காகும் சில நூறு ரூபாயை மதிப்பீட்டில் தனி வரியாகச் சேர்க்கச் சொன்னால் எந்த நல்ல ஒப்பந்ததாரரும் மறுக்கமாட்டார்.

பணம் கொடுக்கும் முறையில் அரசுத் துறைகளின் வழக்கத்தையே வீட்டாரும் பின்பற்றலாம். பொருள் வந்து இறங்குவதற்கு ஏற்ற முன்பணம், அடித்தளமும் வடிகாலும் முடிந்து தாரிடுவதற்கு முன் ஒரு பகுதி, வேலை முடிந்து அளந்தபின் ஒரு பகுதி என்று பிரித்து, மொத்தத்தில் ஒரு சிறு பங்கைப் பிடித்தம் செய்து ஒரு பருவமழை கழிந்தபின் தருவதாக எழுதிக்கொள்வது இருசாராருக்கும் நியாயமானது. தாரிடுமுன் வடிகாலைப் பார்த்துப் பணம் தரும் கட்டம் இதில் மிக முக்கியம். மேலே கருப்புப் படர்ந்துவிட்டால் அடியில் உள்ளதை யாராலும் பார்க்க முடியாது. முழுத்தொகையையும் முன்னதாகக் கேட்பவரையும், ரசீது தர மறுப்பவரையும் எவ்வளவு நெருங்கிய அறிமுகத்தின்பேரில் வந்தாலும் தவிர்க்க வேண்டும்.

வேலை கெட்டு, ஒப்பந்ததாரரும் கைவிரித்தால், 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி உதகமண்டலத்திலுள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். கூலி பெற்றுச் செய்த பணி சேவை என்ற வரையறைக்குள் வருகிறது. கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் முறையீட்டுக்குக் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் வைத்துத்தான் வாதாட வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முன்னதாக ஆலோசனை கேட்கவும் வழி உண்டு. குறை தோன்றியதிலிருந்து 2 ஆண்டுக்குள் முறையிட்டாக வேண்டும் என்பதால், அளவுகள் எழுதிய மதிப்பீடு, பணம் கொடுத்த ரசீதுகள், தாரிடுமுன் வடிகாலையும் ஜல்லிப் படுகையையும் எடுத்த படங்கள், முதல் மழைக்குப்பின் அதே இடங்களை நாளிட்டு எடுத்த படங்கள் ஆகியவற்றை ஒரே உறையில் போட்டு வைத்திருப்பவருக்கு அங்கே பாதி வேலை முடிந்துவிடுகிறது.